மிளகு தேடிய கடல்வழி: போர்த்துகீசியரின் தொடக்ககாலப் பயணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1415-இல் போர்த்துகீசியர் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா துறைமுகத்தைப் பிடித்தார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரம் போட்டார். பாடப்புத்தகத்தில் இவை அடுத்தடுத்த வரிகளாக இருக்கும். நடுவே 83 ஆண்டுகள் கிடக்கின்றன. கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியைப் பற்றியவைதான்.

போர்ச்சுகல் ஒரு சின்ன நாடு. அது ஏன் முந்திக்கொண்டது?

அன்றைய போர்ச்சுகலின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். விளைநிலம் குறைவு. தரைவழியில் எங்கே போக வேண்டுமானாலும் பக்கத்து நாடான காஸ்டீல் குறுக்கே நின்றது. அந்த நாட்டோடு நடந்த நீண்ட சண்டை 1411-இல்தான் சமாதானத்தில் முடிந்தது. போர் ஓய்ந்ததும் வாளும் கையுமாக நின்ற பிரபுக்குலத்து இளைஞர்களுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது. திறந்திருந்த ஒரே பக்கம் கடல்.

கடல் அவர்களுக்குப் புதிதும் அல்ல. மீன்பிடிப்பு, உப்பு வணிகம், வடக்கே பிளாண்டர்ஸ் வரை சரக்குப் போக்குவரத்து என்று பழகியவர்கள். இத்தாலியின் ஜெனோவா நகர வணிகர்களும் மாலுமிகளும் லிஸ்பனில் வந்து தங்கியிருந்தார்கள். போர்ச்சுகலின் கடற்படைத் தலைவர் பதவியே 1317-இல் ஒரு ஜெனோவாக்காரருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

அதற்கும் மேல், தங்கம். சகாராவைத் தாண்டி ஒட்டகக் கூட்டங்களில் வரும் ஆப்பிரிக்கத் தங்கம் சியூட்டா போன்ற துறைமுகங்களில் இறங்கிக்கொண்டிருந்தது. சியூட்டாவைப் பிடித்தால் தங்கம் கையில் விழும் என்று நினைத்தார்கள். ஊரைப் பிடித்ததும் ஒட்டகங்கள் வேறு துறைமுகங்களுக்குத் திரும்பிவிட்டன. அப்படியானால் தங்கம் புறப்படும் இடத்துக்கே கடல் வழியாகப் போனால் என்ன? ஆப்பிரிக்கக் கரை ஓரமாகத் தெற்கே இறங்கும் யோசனை இங்கிருந்துதான் வலுப்பெற்றது. அப்போது இந்தியா யாருடைய திட்டத்திலும் இல்லை.

1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து வணிகப் பாதையை அடைத்ததால்தானே புதிய வழி தேடினார்கள்?

தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. கான்ஸ்டான்டிநோபிள் விழுவதற்கு 38 ஆண்டுகள் முன்பே சியூட்டா விழுந்துவிட்டது. 1453-க்குள் போர்த்துகீசியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் வெர்டே முனையைத் தாண்டிவிட்டன. மலபார் மிளகில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குப் போனதும் அந்த நகரம் வழியாக அல்ல. செங்கடல், கெய்ரோ, அலெக்சாந்திரியா, அங்கிருந்து வெனிஸ் என்பதே முக்கியப் பாதை. எகிப்தை ஆண்டவர்கள் மம்லூக்குகள். துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517-இல். அதற்குள் காமா இந்தியாவுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பாதை அடைபடவில்லை. கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் வரியும் தரகும் ஏறி, கடைசி லாபம் வெனிஸுக்குப் போனது. அந்த லாபத்தின் மேல்தான் லிஸ்பனுக்குக் கண்.

'கடலோடி ஹென்றி' எத்தனை பயணங்கள் போனார்?

புதிய நிலம் தேடி ஒன்றுகூடப் போகவில்லை. இளவரசர் ஹென்ரிக் (1394–1460) சியூட்டா போருக்குக் கப்பலேறினார். மொராக்கோவில் வேறு சண்டைகளுக்கும் போனார். மற்றபடி அவர் ஆள் அனுப்பியவர், உரிமம் கொடுத்தவர், வரும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டவர். 'கடலோடி' என்ற பட்டம் அவர் காலத்தில் இல்லை; 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. சாக்ரெஸ் என்ற ஊரில் அவர் கடற்பயணக் கல்லூரி நடத்தினார் என்ற கதைக்கும் அக்காலச் சான்று கிடையாது.

இதனால் அவர் பங்கு குறைந்துவிடாது. நாற்பது ஆண்டுகள் விடாமல் கப்பல்களை அனுப்பிக்கொண்டே இருந்தது அவர்தான். ஆனால் அவரை ஒரு விஞ்ஞானியாகக் கற்பனை செய்வதைவிட, சிலுவைப்போர்க் கனவும் கணக்குப் புத்தகமும் சேர்ந்த ஒரு முதலீட்டாளராகப் பார்ப்பது உண்மைக்கு நெருக்கமானது.

பொஜடோர் முனையில் அப்படி என்ன பயம்? 12 ஆண்டுகள் ஏன் தயங்கினார்கள்?

'கடல் கொதிக்கும், பூதம் விழுங்கும்' என்பதெல்லாம் பின்னால் ஊதிப் பெருக்கியவை. மாலுமிகளுக்கு இருந்த பயத்தில் கணக்கு இருந்தது. மேற்கு சகாராக் கரையில் இருக்கிறது அந்த முனை. கடல் வெகுதூரம் வரை ஆழமில்லை, மூடுபனி, கரையில் குடிதண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் விட, அங்கே காற்றும் நீரோட்டமும் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே போகின்றன. இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவது எப்படி?

1433-இல் போய்ப் பாதியில் திரும்பிய ஜில் இயானிஷ், மறு ஆண்டு ஹென்ரிக்கின் வற்புறுத்தலால் மீண்டும் போனார். கரையை விட்டு விலகி மேற்கே சுற்றி, முனையைத் தாண்டிக் கரை சேர்ந்தார். அங்கே ஆட்களும் இல்லை, அதிசயமும் இல்லை. கொஞ்சம் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து இளவரசரிடம் கொடுத்தார்.

திரும்பும் வழிக்கும் விடை அதே விலகலில்தான் இருந்தது. எதிர்க்காற்றோடு கரையோரமாக மல்லுக்கட்டாமல், வடமேற்கே ஆழ்கடலுக்குள் போய், அசோரஸ் தீவுகளின் பக்கம் வீசும் மேற்குக் காற்றைப் பிடித்து, அதன் முதுகிலேறி லிஸ்பனுக்கு வருவது. வீட்டுக்குப் போக வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகப் பாயை விரிப்பது போன்ற காரியம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வோல்ட்டா டோ மார்', அதாவது கடலைச் சுற்றி வருதல். என்னைக் கேட்டால், போர்த்துகீசியர் கண்டுபிடித்தவற்றில் மிகப் பெரியது இந்தியாவும் இல்லை, பிரேசிலும் இல்லை, இதுதான். அட்லாண்டிக் காற்றுகள் வட்டமாகச் சுழல்கின்றன என்ற இந்த ஒரு அறிவு இல்லாமல் பின்னால் வந்த பயணங்களில் பாதி நடந்திருக்காது. பல பத்தாண்டுகள் பெயர் தெரியாத மாலுமிகள் போய் வந்து, சிலர் வராமலே போய், சேர்த்த அறிவு அது.

காரவெல் என்ற கப்பலில் என்ன விசேஷம்?

சிறியது, ஆழமில்லாத நீரிலும் ஆற்று வாயிலும் நுழையக்கூடியது, முக்கோணப் பாய் கொண்டது. முக்கோணப் பாய் இருந்தால் காற்றுக்குச் சாய்வாக எதிர்த்தும் ஓரளவு நகரலாம். தெரியாத கரையைத் தடவிப் பார்க்கச் சரியான கலம். ஆனால் சரக்குக்கும் மாதக்கணக்கில் தின்னும் சோற்றுக்கும் இடம் போதாது. அதனால் காமாவுக்காகச் சதுரப் பாய் கட்டிய பெரிய 'நாவ்' வகைக் கப்பல்கள் இரண்டைப் புதிதாகக் கட்டினார்கள். அந்த வேலையை மேற்பார்த்தவர், காமாவுக்கு முன்பே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த பார்த்தலோமியு டயஸ். நன்னம்பிக்கை முனைக் கடலில் அடிவாங்கியவருக்குத்தானே எந்தக் கப்பல் தாங்கும் என்று தெரியும்?

நடுக்கடலில் இருக்கும் இடத்தை எப்படி அறிந்தார்கள்?

திசைக்குக் காந்த ஊசி. நேரத்துக்கு மணற்கடிகை. ஆழத்துக்கு ஈயக்குண்டு கட்டிய கயிறு. வடக்கு-தெற்கில் எங்கே இருக்கிறோம் என்பதற்குத் துருவ நட்சத்திரம்: அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் போதும்.

நிலநடுக்கோட்டை நெருங்கியதும் சிக்கல் வந்தது. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. இனி நண்பகல் சூரியனைத்தான் அளக்க வேண்டும். சூரியனோ நாளுக்கு நாள் இடம் மாறும். ஒவ்வொரு நாளுக்கும் திருத்தக் கணக்கு வேண்டும். அந்த அட்டவணைகளுக்கு அடிப்படையாக இருந்தவை ஆபிரகாம் சாகுட்டோ என்ற யூத வானியலாளரின் கணக்குகள். அவர் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டபோது லிஸ்பனுக்கு வந்தவர். அவருடைய அட்டவணை 1496-இல் போர்ச்சுகலின் லெய்ரியா நகரில் அச்சானது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னர் மானுவல், மதம் மாறாத யூதர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். சாகுட்டோ வட ஆப்பிரிக்காவுக்குப் போனார். அவருடைய கணக்கு இந்தியாவுக்குப் போனது.

கிழக்கு-மேற்கு தூரத்தைக் கடலில் துல்லியமாக அளக்க அன்று வழியே இல்லை. அனுபவமும் உத்தேசமும்தான்.

இத்தனை ஆண்டுகள் இத்தனை கப்பல்கள். செலவுக்கு யார் பணம் கொடுத்தது?

ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்ததே அடுத்த கட்டத்தின் செலவைத் தாங்கியது. மதேய்ராத் தீவில் 1420-களில் குடியேறி, பிறகு அங்கே கரும்பு போட்டார்கள். மொரித்தானியக் கரையின் அர்குயின் தீவில் வணிக நிலையம் வைத்துத் தங்கமும் அடிமைகளும் வாங்கினார்கள். 1457-இல் ஆப்பிரிக்கத் தங்கத்தில் 'குருசாடோ' என்ற நாணயம் அடிக்கும் அளவுக்கு நிலைமை தேறியது.

1469-இல் மன்னர் இன்னொரு வழி பார்த்தார். கினி எனப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் வணிக உரிமையை பெர்னாவோ கோமெஸ் என்ற லிஸ்பன் வணிகருக்கு ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். ஆண்டுக்கு 2 லட்சம் ரெயிஸ் கட்டணம். கூடவே ஒரு நிபந்தனை: ஒவ்வோர் ஆண்டும் புதிதாக 100 லீக் கரையைக் கண்டறிய வேண்டும். இது 500 கிலோமீட்டருக்கும் மேல். ஹென்ரிக் காலத்தில் பல ஆண்டுகள் எடுத்த தூரத்தைக் குத்தகைதாரர் சட்டென்று கடந்தார். 1471-இல் இன்றைய கானா நாட்டின் தங்கக் கரை அகப்பட்டது. குத்தகை முடிவதற்குள் கப்பல்கள் நிலநடுக்கோட்டையும் தாண்டிவிட்டன. ஆராய்ச்சியை வேகப்படுத்த லாப ஆசையை விடச் சிறந்த கருவியை அரசாங்கம் அதுவரை கண்டிருக்கவில்லை.

அந்தத் தங்கக் கரையில் 1482-இல் எழுந்ததுதான் எல்மினா கோட்டை. டியோகோ டி அசாம்புஜா என்பவர், செதுக்கித் தயாராக வைத்த கற்களையும் மரங்களையும் போர்ச்சுகலிலிருந்தே கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்ச் சில வாரங்களில் கட்டி எழுப்பினார். உள்ளூர்த் தலைவர் கராமன்சாவுக்கு இது பிடிக்கவில்லை. நண்பர்கள் அவ்வப்போது வந்து போனால்தான் நட்பு நிலைக்கும் என்று அவர் நயமாகச் சொல்லிப் பார்த்ததாகப் போர்த்துகீசியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்கவில்லை. இந்தியப் பயணத்துக்கான பணத்தில் நல்ல பங்கு எல்மினாத் தங்கம்.

அடிமை வணிகம் பின்னால் வந்ததா, தொடக்கத்திலேயே இருந்ததா?

தொடக்கத்திலேயே. 1441-இல் சகாராக் கரையில் ஆட்களைப் பிடித்து வரத் தொடங்கினார்கள். 1444 ஆகஸ்டில் தெற்கு போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே 235 பேரைக் கொண்டுவந்து நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். குதிரை மேல் அமர்ந்து ஹென்ரிக் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயையும் பிள்ளையையும் பிரித்ததையும் அவர்கள் கதறியதையும் எழுதி வைத்தவர் அவரையே புகழ்ந்து வரலாறு எழுதிய அரசவை எழுத்தர் சுராரா. அவர்கள் ஆன்மா கடைத்தேறும் என்று சொல்லித் தன்னையே தேற்றிக்கொள்கிறார்.

கொஞ்ச காலத்தில் ஆட்களைத் தாங்களே பிடிப்பதை விட்டு, உள்ளூர் ஆட்சியாளர்களிடமும் வணிகர்களிடமும் விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். 1455-இல் போப்பாண்டவரின் ஆணை இதற்குச் சமய ஒப்புதலும் கொடுத்தது. 'கண்டுபிடிப்புகளின் காலம்' என்று பேசும்போது இந்தப் பக்கத்தை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது வழக்கம். வரவு-செலவுக் கணக்கில் அது ஒருபோதும் அடிக்குறிப்பாக இருந்ததில்லை.

இந்தியா எப்போது இலக்கானது?

1481-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஜோவான் காலத்தில். அவர் டியோகோ காவோவை அனுப்பினார். அவர் காங்கோ ஆற்று வாயையும் பிறகு இன்றைய நமீபியக் கரையையும் அடைந்து, சிலுவை பொறித்த கல் தூண்களை நட்டார். 1487 ஆகஸ்டில் டயஸ் மூன்று கப்பல்களோடு கிளம்பினார்.

தென் ஆப்பிரிக்காவுக்கு அருகே டயஸின் கப்பல்கள் பல நாட்கள் நிலத்தையே காணாமல் தெற்கே போயின. பிறகு கிழக்கே திருப்பினார், கரை வரவில்லை. வடக்கே திருப்பினார்; 1488 பிப்ரவரி 3 அன்று கரை தென்பட்டது, ஆனால் அது கிழக்கு-மேற்காக ஓடியது. ஆப்பிரிக்காவின் அடிமுனையைப் பார்க்காமலே தாண்டிவிட்டிருந்தார்! மேலும் போக ஆசைப்பட்டார், மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். முனையைக் கண்ணால் பார்த்ததே திரும்பும்போதுதான். 'புயல் முனை' என்று அவர் வைத்த பெயரை மன்னர் 'நன்னம்பிக்கை முனை' என்று மாற்றினார் என்பது ஒரு பழைய வரலாற்றாசிரியரின் கூற்று. டயஸே அந்த நல்ல பெயரை வைத்தார் என்று அக்காலத்து இன்னொருவர் எழுதியிருக்கிறார்.

அதே 1487-இல் மன்னர் தரைவழியாகவும் இருவரை ஒற்றர்களாக அனுப்பினார். அவர்களில் பேரோ ட கொவில்யா அரபி பேசத் தெரிந்தவர். வணிகர் வேடத்தில் கெய்ரோ, ஏடன் வழியாகக் கண்ணூர், கோழிக்கோடு, கோவா என்று சுற்றிப் பார்த்தார். காமாவுக்குப் பத்தாண்டு முன்பே கோழிக்கோட்டுக் கடைவீதியில் ஒரு போர்த்துகீசியர் மிளகு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு எத்தியோப்பியாவுக்குப் போனார். அங்கே மரியாதை, நிலம், மனைவி எல்லாம் கிடைத்தன, திரும்பிப்போகும் அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. 1520-இல் அங்கே போன போர்த்துகீசியத் தூதுக்குழு அவரை உயிரோடு பார்த்தது.

கொலம்பஸை ஏன் திருப்பி அனுப்பினார்கள்? அறியாமையா?

இல்லை, கணக்குத் தெரிந்ததால். மேற்கே ஏறக்குறைய 4,400 கிலோமீட்டரில் ஜப்பான் வந்துவிடும் என்றார் அவர். உண்மைத் தூரம் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். லிஸ்பன் நிபுணர்கள் மறுத்தது சரி. நடுவில் ஒரு கண்டம் கிடந்தது இரு தரப்புக்குமே தெரியாது. 1494-இல் டோர்டெசில்லாஸ் உடன்படிக்கையில், வெர்டே முனைத் தீவுகளுக்கு மேற்கே 370 லீக்கில் ஒரு கோடு கிழித்து, கிழக்குப் பக்கம் போர்ச்சுகலுக்கு, மேற்குப் பக்கம் ஸ்பெயினுக்கு என்று உலகத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். உலகத்தைக் கேட்கவில்லை.

காமாவின் பயணத்தில் புதிதாக என்ன இருந்தது?

1497 ஜூலை 8 அன்று நான்கு கப்பல்கள் லிஸ்பனை விட்டன. ஆட்கள் 150-லிருந்து 170 வரை. வெர்டே முனைத் தீவுகளிலிருந்து ஆகஸ்ட் 3-இல் கிளம்பியவர் ஆப்பிரிக்கக் கரையை விட்டு விலகி, தென் அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வளைவாகப் போனார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கற்ற அதே சுற்றுவழிப் பாடத்தைத் தெற்கே தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதம் நிலத்தையே பார்க்கவில்லை. நவம்பர் 4-இல்தான் தென் ஆப்பிரிக்கா தெரிந்தது. கொலம்பஸ் நிலம் காணாமல் போனது ஐந்து வாரம்தான்.

முனையைத் தாண்டியபின் சரக்குக் கப்பலை உடைத்துப் பொருட்களைப் பகிர்ந்துகொண்டார்கள். மொசாம்பிக்கிலும் மொம்பாசாவிலும் தகராறு. மாலிந்தி மன்னருக்கு மொம்பாசாவோடு பகை என்பதால் அங்கே மட்டும் வரவேற்பு கிடைத்தது, கூடவே வழிகாட்டி ஒருவரும்.

அந்த வழிகாட்டி புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித்தானே?

பெரும்பாலும் இல்லை. இப்னு மாஜித் தன் நூல்களில் அதைச் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய ஒருவர் கிளப்பிய கதை. போர்த்துகீசியப் பதிவுகள் அவரை ஒரு குஜராத்தி என்கின்றன. யாராயினும், அவருக்கு அது வழக்கமான தடம். கோடைத் தென்மேற்குக் காற்று தொடங்கும் நேரம் பார்த்து ஏப்ரல் 24-இல் கிளப்பி, 23 நாளில் அரபிக் கடலைக் கடந்துவிட்டார். ஆப்பிரிக்காவைச் சுற்றியது போர்த்துகீசியரின் சாதனை. கடைசிக் கட்டம், நம் கடல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வணிகர்கள் போய் வந்துகொண்டிருந்த பாதை.

கோழிக்கோட்டில் என்ன நடந்தது?

1498 மே 20. கப்பல்கள் கோழிக்கோட்டுக்கு வடக்கே நின்றன. காமா முதலில் தான் இறங்கவில்லை. ஆபத்தான வேலைகளுக்கென்றே தண்டனைக் கைதிகள் சிலரைக் கூட்டி வந்திருந்தார். அவர்களில் ஒருவரைக் கரைக்கு அனுப்பினார். உள்ளூர்க்காரர்கள் அவரை நேரே ஐரோப்பிய மொழி தெரிந்த துனிசிய வணிகர்கள் இருவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். 'சைத்தான் கொண்டுபோக! உன்னை இங்கே யார் கொண்டுவந்தது?' என்று அவர்களில் ஒருவர் காஸ்டீல் மொழியில் வரவேற்றார். உயிரைப் பணயம் வைத்துப் பத்து மாதம் கடல் கடந்து வந்த ஊரில், தன் பக்கத்து ஊர்ப் பேச்சில் வசவு. எதைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, 'கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருட்களையும்' என்று பதில் சொன்னார்.

கிறிஸ்தவர்களைத் தேடும் ஆர்வத்தில், போகும் வழியில் ஓர் இந்துக் கோவிலைத் தேவாலயம் என்று நினைத்து உள்ளே போய் வணங்கினார்கள். சுவரில் இருந்த உருவங்களுக்குப் பல் நீண்டிருந்தது, நாலைந்து கை இருந்தது என்று அந்தப் பயணத்தில் வந்தவர் எழுதிய நாட்குறிப்பே சொல்கிறது. அப்போதும் சந்தேகம் வரவில்லை.

கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி காமாவை மதிப்பாகவே வரவேற்றார். கெட்டுப்போனது பரிசு விஷயத்தில். துணி 12 உருப்படி, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவும் கிண்ணம் 6, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெய் 2 பீப்பாய், தேன் 2 பீப்பாய். பார்க்க வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், அரசருக்குத் தங்கம் கொடுங்கள் என்றார்கள். 90 ஆண்டுகள் முன்பு சீனத் தளபதி செங் ஹேயின் பிரமாண்டக் கப்பற்படை வந்து போன துறைமுகம் அது. அங்கே தொப்பி ஆறு!

காமா மூன்று மாதம் நின்று கொஞ்சம் மிளகும் பட்டையும் சேர்த்தார். சுங்கம் கட்டச் சொன்னபோது தகராறு முற்றியது. ஆகஸ்ட் 29-இல் கிளம்பும்போது உள்ளூர் ஆட்கள் சிலரைப் பலவந்தமாகக் கூடவே ஏற்றிக்கொண்டார். சாமூதிரி கொடுத்தனுப்பிய ஓலையில், தம் நாட்டில் பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகு, மணிகள் உண்டு, பதிலுக்குத் தங்கம், வெள்ளி, பவளம், சிவப்புத் துணி வேண்டும் என்று சுருக்கமாக எழுதியிருந்தது. அது ஒரு வியாபாரியின் கடிதம்.

திரும்பும் பயணத்தில் ஏன் அத்தனை பேர் செத்தார்கள்?

காற்று மாறும்வரை காத்திருக்கவில்லை. வாடைக்காற்று எழும் முன்பே அரபிக் கடலில் இறங்கியதால், வரும்போது 23 நாளில் கடந்த கடல் போகும்போது மூன்று மாதம் எடுத்தது. காய்கறி, பழம் இல்லாமல் ஸ்கர்வி வந்தது: ஈறு வீங்கிப் பல்லை மூடும், கால் வீங்கும், பிறகு சாவு. அந்தக் கடலில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். கப்பலோட்ட ஆள் போதாமல் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். காமாவின் அண்ணன் பவுலோ அசோரஸ் தீவில் இறந்தார். போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஊர் திரும்பியது.

பிரேசிலைத் தற்செயலாகக் கண்டார்களா?

இரு பக்கமும் வாதம் உண்டு. 1500 மார்ச்சில் பெட்ரோ அல்வாரெஸ் கப்ரால் 13 கப்பல்களோடு காமாவின் பெரிய வளைவையே இன்னும் அகலமாகப் போட்டார். ஏப்ரல் 22-இல் பிரேசில் தென்பட்டது. காற்றின் போக்கைப் பார்த்தால் தற்செயல் என்பதே போதும் என்று எனக்குப் படுகிறது. அங்கிருந்து கிளம்பியதும் புயலில் நான்கு கப்பல்கள் மூழ்கின. ஒன்றில் டயஸ் இருந்தார்; நன்னம்பிக்கை முனைக்குப் போகும் வழியிலேயே அவர் முடிவு வந்தது. கோழிக்கோடு சேர்ந்தவை ஆறு கப்பல்கள்.

வணிகம் தேடி வந்தவர்கள் பீரங்கியை ஏன் எடுத்தார்கள்?

விற்க அவர்களிடம் சரக்கு இல்லை என்பதில் தொடங்குகிறது விஷயம். இந்தியப் பெருங்கடல் சந்தையில் ஐரோப்பியப் பொருளுக்குப் பெரிய கிராக்கி இல்லை. போட்டிக்கு வேரூன்றிய அரபு, குஜராத்தி வணிகர்களும் மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம் வணிகர்களும். நியாயமான போட்டியில் போர்த்துகீசியர் கடைசி வரிசையில் நின்றிருப்பார்கள். அவர்களிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று இருந்தது: கனத்த பீரங்கிகளைத் தாங்கும் கப்பல்.

1500 டிசம்பரில் கோழிக்கோட்டில் கப்ரால் ஒரு முஸ்லிம் வணிகரின் கப்பலைப் பிடித்தார். ஊரார் போர்த்துகீசியரின் பண்டகசாலையைத் தாக்கி ஐம்பது பேருக்கு மேல் கொன்றார்கள். கப்ரால் துறைமுகக் கப்பல்களை எரித்து நகரத்தின் மேல் குண்டு பொழிந்தார். பிறகு சாமூதிரியோடு பகையில் இருந்த கொச்சி அரசரிடம் போய் மிளகு ஏற்றினார். 1502-இல் காமா இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பல் ஒன்றைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்தார். அதைப் பார்த்து எழுதியவரும் அவருடைய கடற்படையில் இருந்தவரே.

அதன்பின் நடந்தது திட்டமிட்ட வேலை. 1505-இல் அல்மெய்தா முதல் வைசிராய். 1509-இல் டையூ கடற்போர். அவருக்குப் பின் வந்த அல்புகெர்க் காலத்தில் 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா, 1515-இல் ஹோர்முஸ். 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்காத ஆசியக் கப்பலைப் பிடிக்கலாம், மூழ்கடிக்கலாம். காலங்காலமாக எல்லோரும் போய் வந்த கடலில் சுங்கச் சாவடி போட்டதுதான் அவர்கள் கொண்டுவந்த உண்மையான புதுமை.

அப்படியானால் வெனிஸ் வீழ்ந்துவிட்டதா?

சில பத்தாண்டுகள் திணறியது. செங்கடலை முழுதாக அடைக்கப் போர்த்துகீசியரால் முடியவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய வழியில் மிளகு மீண்டும் தாராளமாக வெனிஸுக்குப் போனது.

தமிழர்களோடு இந்தப் பயணங்களுக்கு என்ன தொடர்பு?

முதல் நெருக்கம் மலாக்காவில். அங்கே வணிகம் செய்த தமிழ்ச் செட்டிகளில் ஒருவரை 'நினா சாட்டு' என்று போர்த்துகீசிய ஆவணங்கள் குறிக்கின்றன. 1509-இல் மலாக்காவில் சிறைபட்ட போர்த்துகீசியருக்கு உதவியவர் அவர். 1511-இல் நகரம் கைமாறியதும் உள்ளூர் நிர்வாகத்தின் உயர்ந்த பதவிகளில் ஒன்றான பெண்டஹாரா பதவி அவருக்குக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து முதலில் போன போர்த்துகீசிய வணிகப் பயணங்களில் அவரும் பங்குதாரர்.

இலங்கைக்கு வைசிராய் அல்மெய்தாவின் மகன் லோரன்சோ 1505–06 வாக்கில் வந்தார். கொழும்பிலிருந்து கோட்டே என்ற இராச்சியத்தின் தலைநகர் கூப்பிடு தூரம்தான். தூதுவர்களை வேண்டுமென்றே சுற்றுவழியில் பல நாள் நடத்திக் கூட்டிப்போனார்களாம். 'பறங்கி கோட்டேக்குப் போனது போல' என்று சிங்களத்தில் இன்றும் சொல்வார்கள்.

முத்துக்குளித்துறையில் 1530-களில் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கரானார்கள். மயிலாப்பூரில் சாந்தோம் குடியிருப்பு 1520-களில் தொடங்கியது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அந்த மதப்பணியின் விளைவுதான். இவையெல்லாம் தனிக் கட்டுரைக்கான விஷயங்கள்.

மிளகாயும் இவர்கள் கொண்டுவந்ததா?

ஆம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மிளகாய் அமெரிக்கச் செடி. போர்த்துகீசியக் கப்பல்கள் வழியாகவே மேற்குக் கரைக்கு வந்திருக்க வேண்டும். முந்திரியும் அப்படியே, பிரேசிலிலிருந்து. மிளகு வாங்க வந்தவர்கள் மிளகுக்குப் போட்டியை விட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

கோழிக்கோட்டுக்கு வடக்கே காப்பாடு கடற்கரையில் காமா வந்ததைச் சொல்லும் சிறு தூண் உண்டு. கொச்சிக் கோட்டைப் பகுதியில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் கொச்சியில் இறந்த காமாவை முதலில் அங்கேதான் புதைத்தார்கள், பிறகு உடலை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். லிஸ்பன் போனால் பெலெம் பகுதியின் ஜெரோனிமோஸ் மடம்: மிளகு உள்ளிட்ட கீழைச் சரக்கு வரியில் ஒரு பங்கை ஒதுக்கிக் கட்டியது, காமாவின் கல்லறையும் உள்ளே. கானாவின் எல்மினா கோட்டை உலக மரபுச் சின்னம். அடிமைகளை அடைத்து வைத்த அறைகளையும் அங்கே காட்டுகிறார்கள். டியோகோ காவோ நமீபியக் கரையில் நட்ட கல் தூண் 1893-இல் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பதாக பெர்லின் அருங்காட்சியகம் 2019-இல் அறிவித்தது.